பம்ப் போட்டதும் ஏறும் இரைச்சல் யாருடையது?

வெற்றிடத்திலிருந்து ஒளித்துகளை, அதாவது ஃபோட்டானை, எடுக்கும் சோதனையில், சுற்றை ஆட்டும் 9 ஜிகாஹெர்ட்ஸ் நுண்ணலையான பம்பை ஆன் செய்ததும் ஸ்பெக்ட்ரம் அனலைசரில் 4.5 ஜிகாஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு சின்ன மேடு எழும்பும். வெற்றிடத்திலிருந்து ஃபோட்டான் வந்துவிட்டது என்று கைகுலுக்கத் தோன்றும் நேரம் அது. அவசரப்பட வேண்டாம். அந்த மேட்டை எழுப்பக்கூடியவை ஐந்தாறு இருக்கின்றன, வெற்றிடம் அவற்றில் ஒன்று மட்டுமே. பம்பின் சப்-ஹார்மோனிக் கசிவு (பாதி அதிர்வெண்ணில் வரும் மிச்சம்), சிப் சூடாவது, பெருக்கியின் கெய்ன் (பெருக்கும் மடங்கு) நகர்வது, அதிர்வெண்ணை இறக்கும் மிக்சரின் கோளாறு என்று மற்ற எல்லாமே அதே இடத்தில் அதே மாதிரி ஒரு மேட்டைக் காட்டும். ஃபோட்டானை உண்டாக்குவது இந்த வேலையில் பாதிகூட இல்லை. அது எங்கிருந்து வந்தது என்று நிறுவுவதில்தான் மாதங்கள் போகும்.

விஷயம் தெரியாதவர்களுக்குச் சுருக்கமாக. வெற்றிடத்தில் ஒரு கண்ணாடியை மிக வேகமாக ஆட்டினால் அதிலிருந்து ஒளி பிறக்கும் என்று 1970இல் ஜெரால்ட் மூர் கணக்கிட்டுக் காட்டினார். டைனமிக் காசிமிர் விளைவு என்று பின்னால் பெயர் வந்தது. நிஜக் கண்ணாடியை வைத்து இதைச் செய்ய முடியாது. ஒரு நானோமீட்டர் வீச்சில் 10 ஜிகாஹெர்ட்ஸில் ஆட்டினாலும் அதன் உச்ச வேகம் நொடிக்கு 63 மீட்டர்தான் வரும். பிறக்கும் ஃபோட்டான் எண்ணிக்கை, ஒளிவேகத்தோடு ஒப்பிட்ட வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. இங்கே அது பத்தின் அடுக்கு மைனஸ் 14 அளவுக்குப் போய்விடும். அதனால் கண்ணாடியை அசைக்காமல், அது மின்சார ரீதியாக இருக்கும் இடத்தை மட்டும் அசைக்கிறோம். மீகடத்திக் கோட்டின் முனையில் ஒரு ஸ்க்விட்டை (மெல்லிய ஆக்சைடால் பிரிந்த சந்திகள் இரண்டு கொண்ட மீகடத்தி வளையம்) வைத்து, அதன் வழியே போகும் காந்தப் பாயத்தை மாற்றினால் அதன் இண்டக்டன்ஸ் மாறும். அலைக்கு அது கோடு நீண்டு சுருங்குவதுபோலத் தெரியும்.

ஸ்வீடனின் சால்மர்ஸ் பல்கலைக்கழகக் குழு 2010இல் கால் அலைநீளக் கேவிட்டி (அலை முன்னும் பின்னும் ஓடி ஒத்ததிரும் கோட்டுத் துண்டு) ஒன்றில் இப்படி ஃபோட்டான் உண்டாவதைக் காட்டியது. அடுத்த ஆண்டு கேவிட்டியே இல்லாத திறந்த கோட்டில் அதே குழு டைனமிக் காசிமிர் விளைவைக் கண்டது. அதற்கு மின்சாரக் கண்ணாடி ஒளிவேகத்தில் கால் பங்கு வரை ஓட வேண்டியிருந்தது. ஃபின்லாந்தின் ஆல்டோ பல்கலைக்கழகக் குழு 250 ஸ்க்விட்களை வரிசையாகக் கோத்த கேவிட்டியில் 2013இல் இதைச் செய்தது. முதல்முறை கட்டுபவர்களுக்குக் கேவிட்டிதான் நல்லது. ஏன் என்று எண்கள் சொல்லும்.

ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். பலகையில் நின்றபடி, ஒரு போக்குவரத்துக்கு இரண்டு முறை உட்கார்ந்து எழுந்தால் வீச்சு ஏறிக்கொண்டே போகும். கேவிட்டியின் அதிர்வெண்ணைப் போல இரண்டு மடங்கில் பம்ப் செய்வது அதேதான். அசையாமல் தொங்கும் ஊஞ்சலில் எத்தனை முறை உட்கார்ந்து எழுந்தாலும் ஒன்றும் நடக்காது. வெற்றிடத்தின் ஊஞ்சல் ஒருபோதும் முழுதாக நிற்பதில்லை, அவ்வளவுதான் வித்தியாசம்.

சிப்பின் கணக்கு

கீழே வரும் எண்களெல்லாம் ஒரே மாதிரி வடிவமைப்பைப் பிடித்துக்கொண்டவை. சிலிக்கான் மேல் அலுமினியக் கோபிளேனர் கோடு (இருபக்கமும் தரைத்தளம் கொண்ட தட்டைக் கோடு), நடுக்கோடு 10 மைக்ரோமீட்டர், இருபக்க இடைவெளி சுமார் 6 மைக்ரோமீட்டர், 50 ஓம். இதில் அலை நொடிக்குச் சுமார் 12 கோடி மீட்டர் வேகத்தில் போகும். கோட்டின் நீளம் 6 மில்லிமீட்டர். ஒரு முனையில் சின்ன மின்தேக்கி, மறுமுனை ஸ்க்விட் வழியாகத் தரைக்கு.

ஸ்க்விட்டின் மொத்த கிரிட்டிகல் மின்னோட்டம் (தடையின்றிப் பாயக்கூடிய உச்ச அளவு) 2 மைக்ரோஆம்பியர் என்றால் இண்டக்டன்ஸ் 165 பிகோஹென்றி. கோட்டின் இண்டக்டன்ஸ் மில்லிமீட்டருக்கு 0.42 நானோஹென்றி என்பதால் ஸ்க்விட் கிட்டத்தட்ட 0.4 மில்லிமீட்டர் கூடுதல் கோட்டுக்குச் சமம். பாயம் பூஜ்யத்தில் கேவிட்டி 4.69 ஜிகாஹெர்ட்ஸில் நிற்கும். 0.3 ஃப்ளக்ஸ் குவாண்டம் (மீகடத்தி வளையத்தில் பாயத்தின் இயல்பான அலகு) கொடுத்தால் 4.50க்கு இறங்கும், 0.4 கொடுத்தால் 4.13க்கு. 0.3இல் சரிவு ஒரு ஃப்ளக்ஸ் குவாண்டத்துக்கு ஏறத்தாழ 2 ஜிகாஹெர்ட்ஸ். இந்த 0.3ஐ மனதில் வைத்துக்கொள்ளுங்கள். 0.1இல் நின்றால் சரிவு போதாமல் பம்பை ஏற்ற வேண்டியிருக்கும், சிப் சூடாகும். 0.45க்குப் போனால் அறையில் இருக்கும் ஒவ்வொரு காந்த நடுக்கமும் அதிர்வெண்ணை ஆட்டும். 0.25க்கும் 0.35க்கும் இடையில் நிம்மதி.

மின்தேக்கியை வெளிப்பக்கத் தரக்காரணி (அதிர்வெண்ணை ஒத்ததிர்வின் அகலத்தால் வகுத்தது) 4,500 வரும்படி அமைத்தால் ஒத்ததிர்வின் அகலம் 1 மெகாஹெர்ட்ஸ். உள் இழப்புக்கான தரக்காரணி இதைவிடப் பல மடங்கு கூட இருக்க வேண்டும். இல்லாவிட்டால் ஜோடியாகவே பிறக்கும் ஃபோட்டான்களில் ஒன்று உள்ளேயே தொலையும், இரண்டுக்கும் இடையிலான ஒட்டுறவைப் பார்க்கும்போது கைக்கு எதுவும் வராது. தரக்காரணி பெரிதாக இருந்தால்தான் கௌரவம் என்று மின்தேக்கியைச் சின்னதாக்கிவிடுவது புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. கேவிட்டி வெளியே கசிய வேண்டும். கசிவுதான் நமக்குச் சிக்னல்.

ஸ்க்விட்டின் சந்திகளை வழக்கமான இருகோண ஆவிப்படிவில் (இரு கோணங்களில் உலோக ஆவியைப் படியவைப்பது) செய்யலாம். கீழே 40 நானோமீட்டர் அலுமினியம், ஆக்சிஜன் விட்டு ஆக்சைடு, மேலே 60 நானோமீட்டர். மேலடுக்கு கீழடுக்கைவிடத் தடிமனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் படி ஏறும் இடத்தில் படலம் அறுந்துபோகும். குளிர்விக்கும் முன்பே கிரிட்டிகல் மின்னோட்டத்தைத் தெரிந்துகொள்ள எளிய வழி ஒன்று உண்டு. அறை வெப்பநிலைத் தடையால் 300 மைக்ரோவோல்ட்டை வகுத்தால் கிட்டத்தட்ட விடை வந்துவிடும். 150 ஓம் என்றால் 2 மைக்ரோஆம்பியர். இதற்காகக் கேவிட்டியைத் தொடாமல், அதே சிப்பில் அதே அளவு சோதனைச் சந்திகள் நாலைந்து போட்டுவையுங்கள். மல்டிமீட்டர் முனையை நேராக வைத்தால் தொடும் கணத்தில் ஓரிரு வோல்ட் பாயும், சந்தி செத்துவிடும். ஒரு மெகாஓம் தடையைத் தொடரில் போட்டு மைக்ரோஆம்பியருக்கு மேல் ஏறாமல் அளக்க வேண்டும். கம்பி ஒட்டும் இயந்திரத்தின் முனையும் உங்கள் மணிக்கட்டும் தரையோடு இணைந்திருக்கட்டும். சந்தியின் தடை வாரக்கணக்கில் மெல்ல ஏறும் என்பதால், செய்த அன்று எடுத்த எண்ணை நம்பி ஒரு மாதம் கழித்துக் குளிர்விக்காதீர்கள்.

கோட்டின் இருபக்கத் தரைத்தளங்களையும் அலுமினியக் கம்பிகளால் நெருக்கமாகத் தைத்துவிடுங்கள். ஸ்க்விட் பக்கத்தில் பம்ப் கோடு வரும் இடத்தில் இது மிக முக்கியம். பம்ப் கோடு இருபக்கமும் சமச்சீராக இல்லாததால் அங்கே தரைத்தளங்களுக்கிடையே வேண்டாத மோடு (அலை அதிரும் முறை) எழும். பம்ப் நேராகக் கேவிட்டிக்குள் கசிய அதுதான் முதல் ஓட்டை.

குளிரும் காந்தமும்

4.5 ஜிகாஹெர்ட்ஸ் ஃபோட்டானின் ஆற்றலை வெப்பநிலையாக மாற்றினால் 216 மில்லிகெல்வின். 20 மில்லிகெல்வினில் கேவிட்டியில் வெப்ப ஃபோட்டான் லட்சத்துக்கு இரண்டு. 50இல் நூற்றுக்கு ஒன்று சொச்சம். 100இல் 0.13. ஆனால் ஃபிரிட்ஜின் தெர்மாமீட்டர் 20 காட்டுவதால் கேவிட்டியும் 20இல் இருக்கிறது என்று அர்த்தமில்லை. அறையிலிருந்து வரும் கேபிளில் இந்த அதிர்வெண்ணில் 1,400 ஃபோட்டான் அளவு இரைச்சல் வருகிறது. 4 கெல்வின் தட்டில் 20 டெசிபெல், 100 மில்லிகெல்வின் தட்டில் 20, அடித்தட்டில் 20 என்று தணித்தால் கடைசியில் 0.005க்குக் கீழே வரும். அந்த 60 டெசிபெல்லையும் மொத்தமாக 4 கெல்வினில் போட்டால் பயனில்லை, அந்த அட்டென்யுவேட்டரே 18 ஃபோட்டானை உமிழும். தணிப்பதைப் போலவே எங்கே தணிக்கிறோம் என்பதும் கணக்கில் சேர்த்தி.

வெளியே வரும் பாதையில், உள்ளே போவதையும் வெளியே வருவதையும் பிரிக்கும் சர்க்குலேட்டருக்குப் பிறகு, அலையை ஒரே திசையில் மட்டும் விடும் ஐசொலேட்டர்கள் இரண்டு, அதன்பின் 4 கெல்வினுக்கு நையோபியம்-டைட்டானியக் கேபிள், அங்கே குறை இரைச்சல் பெருக்கி. ஒரே ஐசொலேட்டரோடு நிறுத்திக்கொண்டால் பெருக்கியின் முன்வாசலிலிருந்து திரும்பி வரும் இரைச்சல் கேவிட்டியைச் சூடாக்கும். பம்ப் போட்டால் அதையும் சேர்த்தே பெருக்கும். பிறகு வெற்றிடம் எது, வெப்பம் எது என்று பிரிக்கவே முடியாது.

காந்தத்தைப் பற்றி யாரும் முதலில் யோசிப்பதில்லை, கடைசியில் எல்லோரும் அங்கேதான் வந்து நிற்கிறோம். ஸ்க்விட்டின் வளையம் 10க்கு 10 மைக்ரோமீட்டர் என்றால் பூமியின் காந்தப்புலம் மட்டுமே அதன் வழியே இரண்டு ஃப்ளக்ஸ் குவாண்டத்துக்கு மேல் தள்ளும். அலுமினியம் 1.2 கெல்வினில் மீகடத்தியாகும் கணத்தில் அங்கே என்ன புலம் இருக்கிறதோ அது படலத்தில் சுழலாகச் சிக்கிக்கொள்ளும். சுற்றிலும் மியூ-மெட்டல் உறை, உள்ளே மீகடத்தி உறை, இரண்டும் வேண்டும். அதையும் தாண்டி ஏமாற்றுபவை பெட்டிக்குள்ளேயே இருக்கின்றன. தங்கம் பூசிய சர்க்யூட் போர்டின் தங்கத்துக்கு அடியில் நிக்கல் இருக்கும். சாதாரண இணைப்பிகளிலும் அப்படியே. ஸ்டீல் திருகுக்குப் பதில் பித்தளைத் திருகு போடுங்கள். ஈய-வெள்ளீயப் பற்று 7 கெல்வின் அருகிலேயே மீகடத்தியாகிப் புலத்தைச் சிறைபிடிக்கும், அதனால் சிப்பின் அருகே அது வேண்டாம். சின்ன நிரந்தரக் காந்தம் ஒன்றை எடுத்துக்கொண்டு மேசையில் கிடக்கும் ஒவ்வொரு பாகத்தின் பக்கத்திலும் கொண்டுபோய்ப் பாருங்கள். அரைமணி நேர வேலை, ஒரு முழுக் குளிர்விப்பை மிச்சப்படுத்தும்.

குளிர்ந்த பின் முதல் அளவீடு இது: நெட்வொர்க் அனலைசரில் பிரதிபலிப்பின் கட்டத்தை (ஃபேஸ்) பார்த்தபடி சுருளின் மின்னோட்டத்தை மெல்ல ஏற்றி இறக்குங்கள். அதிர்வெண் வளைவுகள் வரிசையாக வர வேண்டும். இரண்டு உச்சிகளுக்கு இடைப்பட்ட மின்னோட்டம் ஒரு ஃப்ளக்ஸ் குவாண்டம். ஏற்றும்போதும் இறக்கும்போதும் வளைவு ஒன்றின்மேல் ஒன்று படியாவிட்டால் சுழல் சிக்கியிருக்கிறது. 2 கெல்வினுக்கு மேலே சூடாக்கி, சுருளில் மின்னோட்டம் இல்லாமல் மறுபடி குளிர்வியுங்கள்.

இந்த நேரத்திலேயே இரண்டாவது மோடையும் தேடிவையுங்கள். கால் அலைநீளக் கேவிட்டியின் அடுத்த மோடு மூன்று மடங்கில், 13.5 அருகில் இருக்கும். 13.5இலிருந்து 4.5ஐக் கழித்தால் 9, அதுவேதான் பம்ப் அதிர்வெண்! சரியாக அங்கே பொருந்தினால் பம்ப், ஃபோட்டானை உண்டாக்குவதோடு முதல் மோடிலிருந்து இரண்டாவதுக்குத் தூக்கிக்கொண்டும் போய்விடும். ஸ்க்விட்டின் இண்டக்டன்ஸும் சந்தியின் கெபாசிடன்ஸும் இந்தச் சம இடைவெளியைப் பல பத்து மெகாஹெர்ட்ஸாவது விலக்கிவிடும் என்பதால் பெரும்பாலும் தப்பிக்கிறோம். அந்த விலகலை அளந்து குறித்துவைத்தால் பின்னால் குழப்பமில்லை.

பம்ப்

எவ்வளவு பம்ப் வேண்டும்? அதிர்வெண்ணின் ஆட்டம், மையத்திலிருந்து ஒருபக்கமாக, ஒத்ததிர்வின் அகலத்துக்குச் சமமானால் அது த்ரெஷோல்ட். அதற்கு மேலே கேவிட்டி தானாக அலைய ஆரம்பிக்கும். நம் கணக்கில் 1 மெகாஹெர்ட்ஸ் ஆட்டம், அதாவது அரை மில்லி ஃப்ளக்ஸ் குவாண்டம். மின்சாரக் கண்ணாடி ஒன்றரை மைக்ரோமீட்டர் ஆடுகிறது, நொடிக்கு 80 கிலோமீட்டர் உச்ச வேகத்தில். கோட்டில் அலை ஓடும் வேகத்தோடு பார்த்தால் நூற்றுக்கு 0.07 பங்குதான். திறந்த கோட்டுக்குக் கால் பங்கு வேண்டியிருந்த இடத்தில் இது போதும் என்றால், மிச்ச வேலையைக் கேவிட்டியின் ஒத்ததிர்வு செய்கிறது என்று அர்த்தம். கேவிட்டியைச் சிபாரிசு செய்ததன் காரணம் இதுதான்.

பம்ப் கோட்டுக்கும் ஸ்க்விட்டுக்கும் இடையே பரிமாற்றத் தூண்டல் 1 பிகோஹென்றி என்றால் முனையில் 1 மைக்ரோஆம்பியர் வேண்டும், சிப்பில் சுமார் மைனஸ் 82 டிபிஎம் (ஒரு மில்லிவாட்டோடு ஒப்பிட்ட டெசிபெல்). இது மிகக் குறைவு. பம்ப் கோட்டிலும் அதே 60 டெசிபெல் அட்டென்யுவேட்டர் போட்டுவிடலாம், சூடும் வராது. தூண்டல் பத்தில் ஒன்றாக இருந்தாலும் அடித்தட்டில் எரிவது நூறு நானோவாட்டுக்குள்தான்.

இனி, சப்-ஹார்மோனிக் கசிவு. பல நுண்ணலை ஜெனரேட்டர்கள் உயர் அதிர்வெண்ணை உள்ளே டபிளர் வைத்துத்தான் உண்டாக்குகின்றன. 9 ஜிகாஹெர்ட்ஸ் கேட்டால் 4.5ஐ இரட்டித்துக் கொடுக்கும், மிச்சமான 4.5 கொஞ்சம் கூடவே வெளியே வரும். கட்டம் பிசகாமல் இருக்க வேண்டும் என்று நாமே 4.5 மூலத்தைப் பிரித்து வெளியே டபிளர் வைத்தால் இன்னும் மோசம். டபிளரில் கசிவு பம்பைவிட 25 டெசிபெல் கீழே என்று வைத்துக்கொள்ளுங்கள். சிப்பில் அது மைனஸ் 107. பம்ப் கோட்டிலிருந்து கேவிட்டிக்கு 35 டெசிபெல் தடுப்பு இருந்தால் மைனஸ் 142. நாம் தேடும் சிக்னல் மைனஸ் 145! கசிவு சிக்னலைப் போல இரண்டு மடங்கு, மிகச் சரியாகக் கேவிட்டியின் அதிர்வெண்ணில்.

இதற்கு விலையுயர்ந்த ஃபில்டர் எதுவும் தேவையில்லை. எக்ஸ்-பேண்ட் அலைவழிக் குழாய்த் துண்டு ஒன்று, உள்ளளவு 22.86க்கு 10.16 மில்லிமீட்டர், இருமுனையிலும் கோஆக்சியல் அடாப்டர். 6.56 ஜிகாஹெர்ட்ஸுக்குக் கீழே அதில் அலை ஓடவே முடியாது. 4.5 ஜிகாஹெர்ட்ஸில் ஒவ்வொரு சென்டிமீட்டரும் 8 டெசிபெல்லுக்கு மேல் தின்னும். 10 சென்டிமீட்டர் குழாய் 80 டெசிபெல்லைத் தாண்டும், 9 ஜிகாஹெர்ட்ஸோ ஒன்றும் நடக்காததுபோலக் கடந்துபோகும். பழைய ரேடார் சாமான் பெட்டியில் தேடினால் கிடைக்கும். வெட்டிப்போட்ட பித்தளைக் குழாய் ஒன்று இந்தச் சோதனையின் மிக முக்கியமான பாகமாக இருப்பது வேடிக்கைதான்.

கசிவு இருக்கிறதா என்று தெரிந்துகொள்ள இன்னொரு வழி, சிக்னலின் சராசரியைப் பார்ப்பது. இரு குவாட்ரேச்சர்களின் (அலையின் 90 பாகை விலகிய இரு கூறுகளின்) சராசரியும் பூஜ்யமாக இருந்து, விரவல், அதாவது சராசரியைச் சுற்றிய சிதறல், மட்டும் கூடியிருக்க வேண்டும். சராசரி பூஜ்யத்திலிருந்து நகர்ந்திருந்தால், ஸ்பெக்ட்ரத்தில் ஊசிமுனைபோல ஒரு கோடு நின்றால், அது பம்பின் மிச்சம்.

எத்தனை ஃபோட்டான், எத்தனை இரைச்சல்

முதலில் பம்பை ஏற்றி த்ரெஷோல்டைக் கண்டுபிடித்துக் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே சிக்னல் சட்டென்று பல பத்து டெசிபெல் குதிக்கும், தவறவே விடமாட்டீர்கள். அதிலிருந்து 6 டெசிபெல் இறங்கினால் ஆட்டம் சரிபாதி. அங்கே கேவிட்டிக்குள் சராசரி 0.17 ஃபோட்டான். நொடிக்குப் பத்து லட்சம் ஃபோட்டான் வெளியே வருகிறது. கேட்கப் பெரிதாக இருக்கும். வாட்டில் பார்த்தால் 3 அட்டோவாட், மேலே சொன்ன மைனஸ் 145 டிபிஎம். பெருக்கித் தொடரின் இரைச்சல் 5 கெல்வின் என்றால் அதே 1 மெகாஹெர்ட்ஸ் அகலத்தில் 69 அட்டோவாட் உட்கார்ந்திருக்கிறது. மேட்டின் திறன் அதில் இருபதில் ஒரு பங்குகூட இல்லை. பம்பை த்ரெஷோல்டிலிருந்து 20 டெசிபெல் கீழே எடுத்தால் 0.005 ஃபோட்டான், த்ரெஷோல்டின் பத்தில் ஒன்பது ஆட்டத்துக்கு ஏற்றினால் 2.1. த்ரெஷோல்டுக்கு மிக அருகில் போனால் சிக்னல் நன்றாகத் தெரியும் என்று ஆசை வரும். அங்கே கேவிட்டி மெதுவாகிவிடும், ஃப்ளக்ஸ் கொஞ்சம் நகர்ந்தாலும் எண் இரட்டிப்பாகும். பாதி ஆட்டத்தில் அளப்பதே எங்கள் சிபாரிசு.

இருபதில் ஒன்று என்பது சராசரி எடுத்தால் எளிதுதான். ஒரு நொடிச் சராசரியில் ஆயிரத்தில் ஒன்று வரை தெரியும். தொல்லை வேறு இடத்தில் இருக்கிறது. பெருக்கிகளின் கெய்ன் சில நிமிடங்களில் நூற்றுக்கு ஒன்று நகரும், அறையின் ஏசி ஓடி நிற்கும் தாளத்துக்கே ஆடும். பம்ப் இல்லாமல் அரைமணி, பம்போடு அரைமணி என்று எடுத்துக் கழித்தால் கிடைப்பது ஏசியின் வரைபடம். பம்பை ஒவ்வொரு சில மில்லிநொடிக்கும் ஆன், ஆஃப் செய்து அடுத்தடுத்த துண்டுகளைக் கழியுங்கள். கேவிட்டி மைக்ரோநொடிக்குள் நிலைபெறுவதால் எவ்வளவு வேகமாகவும் மாற்றலாம். ஆனால் ஒவ்வொரு துண்டின் முதல் பகுதியைத் தூக்கிப்போடுங்கள், சுவிட்சின் தடுமாற்றம் அதில் இருக்கும்.

வாட்டை ஃபோட்டானாக மாற்ற அளவுகோல் வேண்டும். அடித்தட்டில் சூடாக்கக்கூடிய 50 ஓம் முனை ஒன்றையும், சிப்புக்குப் பதில் அதைப் பெருக்கியோடு இணைக்கும் குளிர் சுவிட்ச் ஒன்றையும் வைத்து, 20 மில்லிகெல்வினிலிருந்து 1 கெல்வின் வரை படிப்படியாக ஏற்றி வெளியே வரும் திறனை வரையுங்கள். கீழ்ப்பகுதியில் கோடு நேராக இறங்காமல் தட்டையாகும். அந்தத் தட்டை வெற்றிட அரை ஃபோட்டான். கெய்னும் பெருக்கி இரைச்சலும் ஒரே வரைபடத்தில் கிடைத்துவிடும். குளிர் சுவிட்சைத் தட்டினால் தட்டு சூடாகும், பழைய வெப்பநிலைக்குத் திரும்பும்வரை காத்திருங்கள். சுவிட்சிலிருந்து சிப் வரையிலான கேபிள் இழப்பை 1 டெசிபெல் தப்பாக எடுத்தால் ஃபோட்டான் எண்ணிக்கை 25 சதவீதம் தப்பாகும்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. த்ரெஷோல்டுக்கு வெகு கீழே ஃபோட்டான் எண்ணிக்கை பம்பின் திறனுக்கு நேர்விகிதத்தில் ஏறும். சிப் சூடானாலும் அதேபோலத்தான் ஏறும். ஆகவே நேர்கோடு வந்துவிட்டது என்பது ஒன்றையும் நிரூபிக்காது. பம்பை 20 மெகாஹெர்ட்ஸ் நகர்த்தி அதே திறனில் அளந்துபாருங்கள். மேடு மறைய வேண்டும். மறையாமல் மிச்சம் நின்றால் அது சூடு. மேடு கொஞ்சம் தள்ளி நிற்பதாகத் தெரிந்தால் பயப்பட வேண்டாம். ஸ்க்விட்டின் வளைவு நேர்கோடு அல்ல என்பதால் பம்ப் ஏற ஏறக் கேவிட்டியின் சராசரி அதிர்வெண் கீழே நகரும், பம்பையும் பின்னாலேயே இறக்க வேண்டியிருக்கும்.

ஜோடி

கடைசிச் சான்று ஜோடிதான். 9 ஜிகாஹெர்ட்ஸ் பம்பின் ஒரு குவாண்டம் இரண்டாகப் பிளக்கிறது. ஒன்று 4.5க்கு 0.4 மெகாஹெர்ட்ஸ் மேலே வந்தால் மற்றது அதே அளவு கீழே வந்தாக வேண்டும். இரண்டு பட்டைகளையும் தனித்தனியே எடுத்து, ஒவ்வொன்றும் 100 கிலோஹெர்ட்ஸ் அகலத்தில், குவாட்ரேச்சர்களைப் பெருக்கிச் சராசரி எடுங்கள். தனித்தனியே பார்த்தால் இரண்டும் வெறும் இரைச்சல். சேர்த்துப் பார்த்தால், பம்பின் கட்டத்தைச் சரியாகத் திருப்பிவைத்த நிலையில், ஒரு குவாட்ரேச்சர் ஜோடியின் ஒட்டுறவு நேர்க்குறியிலும் மற்றதன் ஒட்டுறவு அதே அளவு எதிர்க்குறியிலும் நிற்கும். சூட்டினால் வரும் இரைச்சலுக்கு இது தெரியாது, அதன் ஒட்டுறவு பூஜ்யம்.

ஆனால் மிக்சருக்குத் தெரியும். மிக்சரை ஓட்டும் உள்ளூர் ஆஸிலேட்டரை வசதியாக நடு 4.5இலேயே வைத்தீர்கள் என்றால், இரு குவாட்ரேச்சர்களையும் பிரித்துத் தரும் ஐக்யூ மிக்சரின் சிறு ஏற்றத்தாழ்வு மேல்பட்டையின் நிழலைக் கீழ்ப்பட்டையில் போடும். அந்த நிழலின் ஒட்டுறவு பார்ப்பதற்கு ஜோடி ஃபோட்டானைப் போலவே இருக்கும். ஆன், ஆஃப் கழித்தாலும் முழுதாகப் போகாது, ஏனென்றால் கூடுதல் இரைச்சலுக்கும் நிழல் உண்டு. ஆஸிலேட்டரை 4.3க்கு நகர்த்துங்கள். இரண்டு பட்டைகளும் 200 மெகாஹெர்ட்ஸ் சுற்றி ஒரே பக்கத்தில் உட்காரும், நிழல் 4.1இலிருந்து வரும், அதை மிக்சருக்கு முன்னாலேயே ஒரு பேண்ட்பாஸ் ஃபில்டர் வெட்டிவிடும். பம்ப், ஆஸிலேட்டர், டிஜிடைசர் மூன்றும் ஒரே 10 மெகாஹெர்ட்ஸ் கடிகாரத்தில் ஓடட்டும். கடிகாரம் பொதுவாக இருந்தும் மணிக்கணக்கில் கட்டம் நகரும். ஒவ்வொரு நிமிடத் துண்டுக்கும் ஒட்டுறவின் கோணத்தைத் தனியே எடுத்து, திருப்பிச் சரிசெய்துதான் கூட்ட வேண்டும். அப்படிச் செய்யாமல் இரவு முழுதும் கூட்டினால் காலையில் எல்லாம் ஒன்றையொன்று அழித்துப் பூஜ்யம் காட்டும்.

எல்லாம் சரியாக வந்தபின் செய்யும் சோதனை இது. பம்பின் கட்டத்தை மட்டும் 90 பாகை திருப்புங்கள், வேறெதையும் தொடாமல். பட்டைகளின் திறன் இம்மியும் மாறக் கூடாது. ஒட்டுறவின் கோணம் 90 பாகை திரும்ப வேண்டும். இரு பட்டைகளையும் பிரிக்காமல் நடுவில் ஒரே பட்டையாக எடுத்து, விரவலின் நீள்வட்டத்தைப் பார்ப்பவர்களுக்கு அது 45தான் திரும்பும், தப்பாகிவிட்டது என்று நினைக்க வேண்டாம். 30, 60, 90, 180 என்று படிப்படியாகத் திருப்பி, கோணம் கூடவே வருகிறதா என்று பாருங்கள். மிக்சரின் நிழல் இருந்த இடத்திலேயே நிற்கும்.